கோலி போட்ட வாக்கு

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்தரை மணி. பிரசாரம் முதல் நாள் நள்ளிரவோடு முடிந்துவிட்டது. இனிக் கூட்டம் வைக்கக் கூடாது, நோட்டீஸ் கொடுக்கக் கூடாது, வீடு வீடாகப் போகக் கூடாது. விளையாடக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே சுடரொளி விளையாட்டுக் கழகம் பயிற்சி வைத்தது.

வழக்கமாகப் பயிற்சிக்கு ஒரு அணி சேருவதே பெரிய பாடு. அன்றைக்குப் பாலையடிக் குடியிருப்பே வந்து நின்றது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வயலுக்குப் போனவர்கள் சேற்றுக் காலோடு வந்தார்கள். எல்லைக் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்று பந்தைப் பார்த்தார்கள்.

சுமன் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றான். பத்து வருஷமாகச் சுடரொளியின் கோலி அவன்தான். எதிரே பிரதீபன் பெனால்டி அடிக்கப் பந்தை வைத்தான். பிரதீபன் அணித் தலைவன். இந்த முறை பிரதேச சபைக்குப் பெரியவெளி வட்டாரத்தில் சுயேச்சையாக நிற்பவனும் அவன்தான். சின்னம் உதைபந்து. அந்தச் சின்னம் கிடைத்த அன்றே கழகத்தார் வெடி கொளுத்திவிட்டார்கள்.

"டேய் சுமன், பிடிச்சுப்போடாத," என்று அனோஜன் கத்தினான். அவன் வலது கரையில் ஓடுகிறவன். கால் ஓடாத நேரத்தில் வாய் ஓடும். "சனம் பாக்குது. வேட்பாளர் அடிக்கிற பந்து உள்ள போகவேணும்."

பிரதீபன் அடித்தான். சுமன் இடது பக்கம் பாய்ந்து பிடித்தான்.

"பாத்தியளோ? இவன் இப்பவே மற்றப் பக்கம்!"

சனம் சிரித்தது. சுமனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

பெரியவெளி வட்டாரத்தில் இரண்டு ஊர். கனகராயன்குளம் தாண்டி, ஏ9 வீதியோடு இருப்பது பெரியவெளி. அங்கிருந்து உள்ளே இறங்கி ஓடையைக் கடந்தால் பாலையடிக் குடியிருப்பு. பெரியவெளி பழைய ஊர். குடியிருப்பு, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குந்திய இடம். அந்த நாளில் வட்டாரத்துக்கே ஒரு கழகம்தான்: பெரியவெளியின் வாணி. சுமனின் அப்பா மூக்கன் இளந்தாரியாக இருந்தபோது வாணிக்கு விளையாடப் போனார். அவரைக் கோலுக்குப் பின்னால் நிறுத்தினார்கள், வெளியே போகிற பந்தை எடுத்துக் கொடுக்க. இரண்டு வருஷம் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் குடியிருப்புக்காரர் தங்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள். யுத்தத்தில் கழகம் போனது, ஊரும் போனது. திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்ட வருஷமே கழகத்தையும் மறுபடி பதிந்தார்கள். போன வருஷம் இறுதியாட்டத்தில் முதல் தடவையாக வாணியை வென்றார்கள். ஒன்றுக்குப் பூச்சியம். ஒன்றை அடித்தவன் பிரதீபன். பூச்சியத்தைக் காத்தவன் சுமன்.

கழகம் என்றால் பந்து மட்டுமல்ல. குடியிருப்பில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போடுவது, கதிரை இறக்குவது, குழி வெட்டுவது, பாடை தூக்குவது எல்லாம் கழகப் பெடியள். செத்த வீட்டுக்காரர் ஒருவரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை. அவர்களாக வருவார்கள்.

பயிற்சி முடிந்தது. பிரதீபன் பந்தின் மேல் உட்கார்ந்தான். சனம் கிட்ட வந்தது.

"இது கூட்டமில்லை. சும்மா கதைச்சுக்கொண்டிருக்கிறம்," என்றான். "நான் வெண்டால் முதல் வேலை கிரவுண்டுக்கு லைற். பிறகு சுற்றி வேலி. பிறகு சனம் இருந்து பாக்க ஒரு மண்டபம். வாணிக்காரருக்கு எல்லாம் இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?"

"கப் இருக்கு!" என்றான் அனோஜன். கைதட்டினார்கள்.

"அண்ணை, ஓடைப் பாலம்?"

கேட்டது கஜேந்தினி. சுமனின் மனைவி. கூட்டத்தின் கரையில் நின்றாள். சுமன் கையுறையின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"அதுவும் கட்டுவம் தங்கச்சி," என்றான் பிரதீபன்.

"எப்பிடிக் கட்டுவியள்? ஓடை நீர்ப்பாசனத்தின்ர. ரோட்டு சபையின்ர. இரண்டு பேரும் ஓமெண்டால்தான் பாலம். நீங்கள் முதல் ஆரிட்டப் போவியள்?"

பிரதீபன் பந்தை இடமும் வலமும் உருட்டினான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் தலைவனாக இருந்தான்.

"அதை வெண்டாப்பிறகு விசாரிப்பம்."

"தங்கராசா ஐயா விசாரிச்சு முடிச்சிட்டார். போன சபையிலயே பாதி அலுவல் பாத்திட்டாராம்."

தங்கராசா என்ற பெயர் அந்த மைதானத்தில் சொல்லப்படுகிற பெயர் அல்ல. அவர் வாணியின் தலைவர். இந்தத் தேர்தலில் எதிர் வேட்பாளர். சின்னம் கேத்தில்.

"அப்ப கேத்திலில தேத்தண்ணி ஊத்திக் குடியுங்கோ அக்கா," என்றான் அனோஜன்.

"குடிப்பன். பாலம் வருமெண்டால் சீனி இல்லாமலும் குடிப்பன்."

சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சுமனைப் பார்த்தார்கள். கையுறையின் கட்டு அன்றைக்கு அவிழ நேரம் எடுத்தது.

ஓடையில் பாலம் என்று ஒன்று இல்லை. இரண்டு சீமெந்துக் குழாயும் மேலே மண்ணும்தான். கோடையில் அதன் மேல் லொறியும் போகும். மாரி பிறந்தால் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரியாது. போன மார்கழியில் கஜேந்தினிக்கு ஏழாம் மாதம். காலமை இரத்தம் பட்டது. அம்புலன்ஸ் வந்து ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. கழகத்துக் கதிரை ஒன்றில் அவளை இருத்தித் தூக்கினார்கள். முன்னுக்குப் பிரதீபன், நெஞ்சளவு தண்ணீரில். பின்னுக்குச் சுமன். அனோஜன் குடை பிடித்தான். குடையால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. நடு ஓடையில் ஒரு மரக்கட்டை வந்து மோதியது. பிரதீபன் கதிரையை விடவில்லை. அவனுக்குத் தோள் விலகியது. அம்புலன்ஸ் வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. குழியையும் பிரதீபன்தான் வெட்டினான், ஒரு கையால்.

இப்போது அவளுக்கு மறுபடியும் மூன்று மாதம். திகதி கார்த்திகைக் கடைசி என்று கிளினிக்கில் சொன்னார்கள். கார்த்திகைக் கடைசியில் ஓடை எப்படி இருக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. அது குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு நடந்து போகும்போது சுமன் சொன்னான்:

"அவ்வளவு சனத்துக்கு முன்னால கேக்கவேணுமே?"

"சனத்துக்கு முன்னாலதானே அவர் லைற் போடுறன் எண்டவர்."

"உன்னைத் தூக்கினவன் அவன்."

"தூக்கினதை நான் மறக்கேல்லை. சாகுமட்டும் மறக்கமாட்டன்," என்றாள். "பாலம் இருந்திருந்தால் ஒருத்தரும் என்னைத் தூக்கியிருக்கத் தேவையில்லை."

வீட்டுப் படலை தெரிந்ததும் அவள் நின்றாள்.

"இஞ்சேருங்கோ. நீங்கள் அவரோட நில்லுங்கோ, விளையாடுங்கோ, அவருக்காக உயிரையும் விடுங்கோ. ஒரு புள்ளடியை மட்டும் கேத்திலுக்குப் போட்டுவிடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது. போடுவியள்தானே?"

"போடுறன்."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். பிரதீபன் நல்லவன், பாலம் கட்டத் தெரியாதவன். தங்கராசா கட்டத் தெரிந்தவர். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பந்து வேறு, சபை வேறு.

ஒன்று மட்டும் அவனுக்குள் கிடந்தது. போன கிழமை தங்கராசா வோட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்திருந்தார். மூக்கன் முற்றத்தில் கதிரையில் இருந்தார். தங்கராசாவின் தலை படலையில் தெரிந்ததும் எழும்பி நின்றார். தலையில் சுற்றியிருந்த துவாய் கைக்கு வந்துவிட்டது. தங்கராசா அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்தார்.

"என்ன மூக்கன், சுகமே? உங்கட ஆக்களுக்கு இந்த முறையாவது ஒரு பாலத்தைக் கட்டித் தருவம் எண்டு பாக்கிறன்."

"நல்லதுங்க," என்றார் மூக்கன்.

தங்கராசா தேநீர் குடித்து முடிக்கும் வரைக்கும் அப்பா நின்றார். அவர் போன பிறகும் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. குசினிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வாக்களிப்பு. இரண்டு ஊருக்கும் ஒரே இடம், பெரியவெளிப் பாடசாலை. கஜேந்தினி வெயில் ஏறமுதல் போய்ப் போட்டுவிட்டு, வெளியே வேம்பின் கீழ் நின்றாள். சுமனும் மூக்கனும் வயலில் தண்ணீர் மாறிக் கட்டிவிட்டுப் பிறகு வந்தார்கள். மூக்கனை முதியவர் என்று முன்னுக்கு விட்டார்கள். சுமன் வரிசையில் நின்றான்.

அவனுக்குப் பின்னால் வாணிக்காரர் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். போன வருஷம் இறுதியாட்டத்தில் அவனுக்கு எதிராக விளையாடியவர்கள். நடுவில் நின்றவன் திலீபன், வாணியின் முன்கள ஆட்டக்காரன். அன்றைக்கு அவன் அடித்த நான்கு பந்தைச் சுமன் பிடித்திருந்தான்.

"என்ன கோலி, கையுறை கொண்டுவரேல்லையோ?" என்றான் திலீபன்.

சுமன் திரும்பவில்லை.

"இண்டைக்குக் கையுறை போட்டும் பிரயோசனம் இல்லை மச்சான். இண்டைக்கு உங்கட கோலுக்குள்ள கேத்தில் போகுது."

"கொதி தண்ணியோட," என்றான் மற்றவன்.

"பாவமடா, விடுங்கோ. வீட்டில மனுசியே வாணிக்கு மாறிட்டாவாம். இவரும் வரட்டும். கோலுக்குப் பின்னால இடம் இருக்குத்தானே? தேப்பன் நிண்ட இடம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சத்தம் போட்டுக்கூட இல்லை. வாக்குச் சாவடிக்குக் கிட்டச் சத்தம் போடக் கூடாது என்று பொலிஸ் நின்றது.

சுமனின் பெயரை வாசித்தார்கள். இடது கைச் சின்ன விரலில் மை பூசினார்கள். வாக்குச் சீட்டைக் கொடுத்தார்கள். மூலையில் ஒரு மேசை, அதன் மேல் அட்டையால் ஒரு மறைப்பு. அவன் குனிந்தான்.

சீட்டில் பல சின்னங்கள் இருந்தன. அவன் கண்ணுக்கு இரண்டுதான் தெரிந்தன. கேத்தில் மேலே இருந்தது. பந்து கீழே இருந்தது. பேனையைக் கேத்திலுக்கு நேரே கொண்டுபோனான். பின்னால் திலீபனின் பெயரை வாசிக்கிற குரல் கேட்டது. இந்த மூலையில் சுமன் கேத்திலுக்குப் போடுகிறான். அடுத்து அதே மூலைக்கு வந்து திலீபனும் கேத்திலுக்குப் போடுவான். இரண்டு சீட்டும் ஒரே பெட்டிக்குள் போகும், எண்ணும்போது ஒரே அடுக்கில் கிடக்கும்.

சுமன் பந்துக்குப் புள்ளடி போட்டான்.

யோசித்துப் போட்டான் என்று சொல்ல முடியாது. வருகிற பந்துக்குப் பாய்கிறபோது கோலி யோசிப்பதில்லை. சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் கஜேந்தினியின் நினைவு வந்தது. பெட்டி பூட்டியிருந்தது.

வேம்பின் கீழ் அவள் கேட்டாள்:

"போட்டாச்சோ?"

"போட்டாச்சு."

அவள் அவனுடைய விரலைப் பிடித்து மையைப் பார்த்தாள். பிறகு விரலை விடாமல் நடந்தாள். பெரியவெளிச் சந்தி வரைக்கும் அப்படியே நடந்தாள். ஒரு ஓட்டு என்ன செய்யப்போகிறது என்று சுமன் நினைத்துக்கொண்டான். தங்கராசா எப்படியும் வெல்லுவார். அல்லது பிரதீபன் எப்படியும் வெல்லுவான். இரண்டில் ஒன்று நடக்கும். அவன் ஒருவனால் நடக்காது.

அன்று பொழுதுபட்ட பிறகு பாடசாலையிலேயே எண்ணினார்கள். தங்கராசா மூன்று வாக்கால் வென்றார்.

பெரியவெளியில் வெடி கேட்டது. குடியிருப்பில் ஒரு சத்தமும் இல்லை. கஜேந்தினி குசினி வாசலில் நின்று, கையை விரித்து மூன்று விரலைப் பார்த்தாள்.

"மூண்டு வோட்டு," என்றாள். "அதில இரண்டு எங்கட வீட்டின்ர. நாங்கள் ரெண்டு பேரும் மற்றப் பக்கம் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பந்து வெண்டிருக்கும். பாலம் போயிருக்கும்."

அவள் அழுதாள். பிள்ளை போன பிறகு அவள் அழுது அவன் காணவில்லை.

"நீங்கள் எனக்கெண்டு கழகத்தையே விட்டிட்டியள்," என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பாலம் எப்படியும் வரப்போகிறது, கோபித்தாலும் இரண்டு நாள் கோபிப்பாள். அவன் வாயைத் திறந்தான்.

"சாப்பாட்டைப் போடு," என்றான்.

அடுத்த நாள் பின்னேரம் தங்கராசா குடியிருப்புக்கு வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். இரண்டு பேரும் ஓடையில் இறங்கி நாடா பிடித்து அளந்தார்கள். குடியிருப்புச் சனம் கரையில் நின்று பார்த்தது. தோற்ற ஊரில் பாலம் அளக்கிறவனை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அளந்து முடிந்து வரும் வழியில் தங்கராசா கடைச் சந்தியில் நின்றார். கடை வாசல் மரவாங்கில் அனோஜனும் இன்னும் நாலைந்து பெடியளும் இருந்தார்கள். சுமன் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஆ, சுமன் தம்பி!" தங்கராசா கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மை வந்து பாக்கவேணும் எண்டு இருந்தனான். உங்கட வீட்டு வோட்டு இல்லையெண்டால் நான் துலைஞ்சிருப்பன். கஜேந்தினிப் பிள்ளை எனக்கு எல்லாம் சொன்னவா. மாரிக்கு முதல் பாலத்தால நடப்பியள். இது தங்கராசாவின்ர வாக்கு."

பெடியள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை ஐயா, நான் உங்களுக்குப் போடவில்லை என்று சொன்னால் அது கடைச் சந்தியில் நிற்காது. விளக்கு வைக்கமுதல் கஜேந்தினியின் காதுக்குப் போய்விடும்.

"சரி ஐயா," என்றான் சுமன்.

"நல்ல பெடியன்," என்றார் தங்கராசா. முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அனோஜன் வாங்கிலிருந்து எழும்பினான். எப்போதும் ஏதாவது சொல்கிறவன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெடியளும் எழும்பிப் போனார்கள். தேநீர்க் கோப்பைகள் அரைவாசியில் இருந்தன.

அன்றிரவு கழகத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சுமனை எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நெளுக்குளத்து அணியோடு மாவட்ட இறுதியாட்டம். கோலுக்கு நல்லதம்பியின் மகனை நிறுத்தப்போவதாக ஊருக்குள் கதை வந்தது. அவன் உயரம் காணாது. மேலால் வருகிற பந்தை விட்டுவிடுவான். அது அவனுக்கும் தெரியும்.

வீட்டில் மூக்கன் மகனோடு பேசுவதை நிறுத்தினார். சோற்றுக் கோப்பையை முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டார். வியாழக்கிழமை வயலில் வைத்துச் சுமன் கிட்டப் போனான். அங்கே கஜேந்தினி இல்லை. வேறு ஆளும் இல்லை.

"அப்பா."

மூக்கன் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"அப்பா, நான் ஒண்டு சொல்லவேணும்."

"ஒன்னும் சொல்லாத. பேரப்புள்ளைக்காகத்தான் போட்டனு சொல்லுவ. நானும் அதுக்குத்தான் போட்டேன்."

சுமனுக்கு விளங்கவில்லை.

"நீங்க ஆருக்குப் போட்டனீங்கள்?"

"கேத்திலுக்கு," என்றார் மூக்கன். "நாப்பது வருசமா அந்த ஆளு மூஞ்சியப் பாத்தா எனக்கு வயிறு எரியும். எரிஞ்சுகிட்டேதான் போட்டேன். நான் கெழவன், நான் போட்டா ஒருத்தனும் கேக்கப் போறதில்ல. நீ போட்டிருக்கக் கூடாதுடா. நீ கோலி. நீயாச்சும் நம்ம புள்ளைங்களோட நின்னிருக்கணும்."

அவர் வரம்பை வெட்டித் தண்ணீரை அடுத்த பாத்திக்கு விட்டார். தண்ணீர் போய் முடியும் வரைக்கும் சுமன் நின்றான். நான் அவர்களோடுதான் நின்றேன் என்று சொன்னால் அப்பாவின் மனம் ஆறும். ஆறிய மனதோடு அவர் வீட்டுக்கு வருவார், உள்ளே இருந்து சாப்பிடுவார், ஏன் என்று கஜேந்தினி கேட்பாள். அப்பாவுக்கும் பொய் வராது.

அவன் மற்ற மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனான்.

கஜேந்தினி ஒருவருக்கும் ஒளிக்கவில்லை. கிணற்றடியில், கிளினிக் வரிசையில், கடையில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னாள். "ஓம், என்ர மனுசன் கேத்திலுக்குத்தான் போட்டவர். பிள்ளைக்காகப் போட்டவர். அவரை விளையாட எடுக்காட்டி விடட்டும். கப் வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமே?" மாலையில் அவன் சும்மா இருப்பதைக் கண்டால் பக்கத்தில் வந்து இருந்தாள். கல்யாணம் முடித்து ஐந்து வருஷத்தில் அவள் அவனோடு அவ்வளவு கனிவாக இருந்ததில்லை. அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவான்.

"விளையாட்டுக் கவலையோ?" என்று கேட்பாள்.

"ம்."

"எனக்குத் தெரியும். நீங்கள் பெரிய காரியம் செய்திருக்கிறியள். பெரிய காரியம் செய்தால் நோகத்தான் செய்யும்."

சனிக்கிழமை பின்னேரம் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பிரதீபன். தேர்தலுக்குப் பிறகு அவன் வீட்டை விட்டு வெளியே வந்தது குறைவு. முகத்தில் தாடி முளைத்திருந்தது. சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு கால் நிலத்தில், ஒரு கால் மிதியில்.

சுமன் படலைக்குப் போனான். மூக்கன் முற்றத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றது.

"நல்லதம்பியின்ர பெடியனுக்கு விரல் முறிஞ்சு போச்சு," என்றான் பிரதீபன். "பயிற்சியில. இப்பதான் கட்டுப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்."

"எந்த விரல்?"

"பெருவிரல்."

"அப்ப ஏலாது."

"ஏலாது."

இரண்டு பேரும் வீதியைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு வேற ஆள் இல்லை மச்சான். நான் பெடியளோட கதைச்சனான். அனோஜன் ஓமெண்டு சொல்லுறான் இல்லை. மற்றவங்களும் அப்பிடித்தான். உன்னை விட்டிட்டுத் தோத்தாலும் பரவாயில்லையாம். நீ கேத்திலுக்குப் போட்டிட்டு எங்கட கோலில வந்து நிக்கிறதோ எண்டு கேக்கிறாங்கள்."

சுமன் படலைக் கம்பியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"எனக்கு உன்னில கோவம் இல்லை. உன்ர வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் நானும் ஒரு விசயம் யோசிச்சனான். பத்து வருசம் எனக்குப் பின்னால நிண்டிருக்கிறாய். நான் ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்லை. தேவையிருக்கேல்லை. உன்ர வாயால நீ ஒண்டும் சொல்லேல்லை. எல்லாம் ஆக்கள் சொன்ன கதை. தங்கராசா சொன்னது, ஊர் சொன்னது. நான் கேக்கவேண்டியது அவையளிட்ட இல்லை."

கஜேந்தினி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். கையில் மா ஒட்டியிருந்தது. சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே படலைக்கு வந்து சுமனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வாங்கோ அண்ணை. உள்ள வாங்கோவன்."

"இல்லைத் தங்கச்சி. ஒரு விசயம் கேட்டிட்டுப் போக வந்தனான்." அவன் சுமனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீ எனக்குப் போட்டனியோ இல்லையோ? ஓமெண்டால் ஓமெண்டு சொல்லு. நீ சொன்னால் நான் நம்புவன். பெடியளும் நான் சொன்னால் நம்புவாங்கள். நாளைக்கு மூண்டு மணிக்கு வந்து கோலில நில்."

முற்றத்தில் மூக்கன் எழும்பி நின்றார். சாக்கு மடியிலிருந்து விழுந்தது.

கஜேந்தினி சிரித்தாள். சண்டைச் சிரிப்பு இல்லை. அவளுக்கு அந்தக் கேள்வியில் பயம் இருக்கவில்லை. புருஷனின் முழங்கையைப் பிடித்தாள். மா அவன் சேட்டில் பட்டது.

"மறைக்க என்ன இருக்கு? அண்ணை நேர வந்து கேக்கிறார். நீங்களும் நேர சொல்லுங்கோ," என்றாள். "சொல்லுங்கோவன். ஆருக்குப் போட்டனீங்கள்?"